பூசைக் கருத்தில் இரண்டு பெயர்

திண்டுக்கல்
நவம்பர் 16, ஞாயிறு

ஷைனி அப்பாவுக்கு,

சகாயராணி எழுதுவது. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நேற்று வத்தலக்குண்டு போய், குடியை விட்டவர்கள் கூடும் அந்த மாடி அறையில் அன்புமணி அண்ணனைப் பார்த்தேன். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, உயிரோடு இருக்கிறார், அதுக்கு மேல கேக்காதம்மா என்றார். கடிதம் கொடுத்தால் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். குடிக்கிறாரா என்று கேட்டேன். அதை அவர்தான் சொல்லணும் என்று நாற்காலி போடப் போய்விட்டார்.

ஷைனிக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. வெல்டிங் பட்டறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். இரண்டு கேட் பாதியில் நிற்கின்றன. கேட்டு வருகிறவர்களிடம் ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறேன். சிரிக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு.

அழகர் அண்ணன் அடக்கம் முடிந்த மறுநாள் காலை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எழுதிக் கொடுத்த அன்புமணி அண்ணன் நம்பரை முதலில் அழைத்தது நான்தான். அவர், உன் வீட்டுக்காரரே கூப்பிடட்டும் என்று வைத்துவிட்டார். பதினொரு நாள் அந்தச் சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கும்போது எடுத்து வைத்து, காய்ந்ததும் திரும்பப் போடுவேன். பிறகு நீங்களே அழைத்தீர்கள். திண்டுக்கல்லிலும் கூட்டம் இருந்தது. தெரிந்தவன் எவனாவது பார்ப்பான் என்று வத்தலக்குண்டுக்குப் போனீர்கள். போனால், நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அழகர் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரும் அதே பயத்தில் நாலு வருஷமாக அங்கே பஸ் ஏறிப் போகிறவர். அதன்பின் புதனும் சனியும் நம் வீட்டில் காபி குடித்துவிட்டு ஒன்றாகக் கிளம்புவீர்கள். தங்கச்சி, எனக்கு இது ஒண்ணையாச்சும் ஸ்ட்ராங்கா குடு என்பார்.

அங்கே வருகிறவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று முதல் நாளே சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலை மட்டும் நான் வெளியே என்று நினைக்கவில்லை.

நூறாவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. பூசையில் வாசிக்கும் நன்றிக் கருத்தாக, கோயில் உபதேசியார் இஞ்ஞாசியிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எதை விட்டீர்கள், எத்தனை நாள், எந்த ஊர்க் கூட்டம் என்று எல்லாம் எழுதினேன். உங்கள் பெயருக்குக் கீழே அழகர் அண்ணன் பெயரையும், பள்ளி வேன் ஓட்டுநர் என்று சேர்த்து எழுதினேன். அவர் கும்பிடும் சாமி வேறு என்றாலும் இந்த நன்றியில் அவருக்கும் பங்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். இஞ்ஞாசி ஒரு எழுத்து விடாமல் மைக்கில் வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் நீங்கள் தலை குனிந்ததைப் பார்த்தேன். ஜெபிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் உங்கள் கூட்டாளி ஆண்டனிராஜ், மச்சான் செஞ்சுரி அடிச்சிட்டான், பார்ட்டி எப்பலே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் போனவர் ஒருவர், அழகர் அண்ணன் வேன் ஓட்டிய பள்ளியின் தாளாளர். மூன்றாவது வரிசையில் இருந்தாராம். காலாண்டு விடுமுறை முடிந்து மறுநாள் பள்ளி திறந்ததும் வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாலு வருஷமாத் தொடலைங்கய்யா என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் தொட்டதை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்களாம்.

அந்தப் புதன்கிழமை நீங்கள் கூட்டத்துக்குக் கிளம்பியபோது தடுத்ததும் நான்தான். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்ப்பார்கள், இந்த ஒரு தடவை வேண்டாம், பேச்சு ஆறட்டும் என்றேன். அண்ணன் வாசலில் செத்த நேரம் நின்றார். தலைவலி என்று சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். காபி போடவில்லை. அவர் தனியாகப் பஸ் ஏறினார். வத்தலக்குண்டுக்கு டிக்கெட் எடுத்தவர் பாதி வழியில், செம்பட்டியிலேயே இறங்கிவிட்டார். இரவு ஏழே முக்காலுக்கு சாராயக் கடையிலிருந்து ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்தது. டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவர் மனைவி பேச்சாயி என்னைத் திட்டவில்லை. உங்க சாமிகிட்ட எம்புருசன் பேரைச் சொல்லச் சொல்லி நான் கேட்டேனா, ஷைனியம்மா என்று மட்டும் கேட்டாள். பிறகு எல்லோருக்கும் போல எனக்கும் இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதில் இரண்டு வரி எழுதச் சொல்லி ஷைனியைக் கூப்பிட்டேன். இந்தப் பேனாலதான் அழகர் மாமா பேரை எழுதுனியா என்றாள். ஆமாம் என்றேன். வேறு பேனா எடுத்து வரப் போனவள் திரும்பி வரவில்லை.

இன்று காலை பூசைக்கு ஒரு கருத்து கொடுத்தேன். இஞ்ஞாசி பெயர் கேட்டார். பெயர் இல்லை என்றேன். அப்ப என்னத்த வாசிக்க என்றார். வாசிக்கவே வேண்டாம் என்றேன்.

தொடர்ந்திருந்தால் இன்று நூற்று நாற்பத்திரண்டாவது நாள். எண்ணக் கூடாது என்றிருந்தும் எண்ணிவிட்டேன். இன்று உங்களுக்கு முதல் நாளாக இருந்தாலும் சரி. என் முகத்தில் விழிக்க மனமில்லை என்றால் வர வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரிலும் ஒரு கூட்டம் இருக்கும். விசாரித்துப் போய் உட்காருங்கள். அங்கே என்னைப் பற்றிப் பேச வேண்டிவந்தால் பேசுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம்.

ஆண்டவர் உங்களைக் கைவிடாதிருக்கட்டும்.

சகாயராணி