கால் நிலத்தில் முட்டும் கதிரை

இன்னமும் என் காதுக்குள் இருமிக்கொண்டிருக்கும் யோசெல் அண்ணை,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உங்கள் யிட்டிஷ் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் உலகத்தையே ஆண்டோம். ஆனால் செத்தவர்களுக்கு எல்லாப் பாஷையும் விளங்கும் என்பது என்னுடைய தீர்க்கமான முடிவு. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நாங்கள் பேசினதையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். இங்கிலீஷில் நாங்கள் அவ்வளவு அழகாகப் பேசவில்லை.

இது எங்கள் சங்கத்து மலரில் வரப்போகிறது. மெல்பேர்ணில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுவதும் வாசிக்கும். அந்தச் சனம் முழுவதையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று என் மருமகள் சாந்தி சொல்லுகிறாள். அவளுக்குக் கணக்கு வராது.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் கில்டா பக்கம் யூதச் சனத்தின் மண்டபம் ஒன்று இருக்கிறது. வருசம் முழுக்க அங்கே ஏதாவது நடந்தபடி இருக்கும். பங்குனியில் முகமூடி போட்டுக் கூத்தாடும் பூரிம், மார்கழி வெயிலில் விளக்கேற்றும் ஹனுக்கா, வசந்தத்தில் இலைக்கொட்டில் போடும் சுக்கோத். இடையிலே பிள்ளைகளுக்குப் படம் கீறும் வகுப்பு, பாட்டு, நாடகம். இவ்வளவையும் நடத்தினவர் நீங்கள். மண்டபத்துச் சாவி என் இடுப்பில். காவல்காரன் என்று சிலர் நினைத்தார்கள். நான் இல்லாவிட்டால் கூரை இறங்கிவிடும் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஆடிக் குளிரில் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து சாமான் அறை சரியில்லை, அண்ணை. பூட்டின கதவுக்குப் பின்னால் இருமல் கேட்கிறது. திறந்தால் பசை மணம். பசைப் போத்தலை இறுக்கி மூடினவன் நான். சுவரில் தொங்கும் பூரிம் முகமூடிகளில் நீங்கள் ராசாவுக்குச் செய்தது மட்டும், எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் மறுநாள் வாசலைப் பார்த்தபடி நிற்கிறது.

நான் பேய்க்குப் பயந்த ஆள் இல்லை. ஊரில் சுடலைக்குள் பாய் விரித்துப் படுத்தவன். இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லும்போதெல்லாம், போன முறையைவிட இந்த முறை பேய் கூடிவிட்டதே என்று சிரிப்பீர்கள். இருந்தாலும் இப்போது அந்த அறைக்குப் போகும்போது, “அண்ணை, வாறன்” என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். திடீரென்று நுழைந்து உங்களைத் திடுக்கிட வைக்கக் கூடாது, இல்லையா?

உங்கள் கல்லறைக்கும் வந்தேன். பூ கொண்டுபோகக் கூடாது, கல் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். மற்றவர்கள் வைத்ததெல்லாம் பாக்கு அளவு கல். நான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்த கல்லைப் பார்த்திருப்பீர்கள். ட்ராமில் என் பக்கத்தில் ஒருத்தரும் இருக்கவில்லை.

நாங்கள் சகோதரம் ஆனது அந்த முதல் வருசத்துக் கொட்டிலில்தான். வேலைக்குச் சேர்ந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, திருநாளுக்கு முற்றத்தில் ஒரு கொட்டில் போட வேண்டும், கூரைக்கு இலை வேண்டும் என்றீர்கள். என்னிடமா கேட்டீர்கள்! எங்கள் ஊரில் நான் பந்தல் போடாத கலியாண வீடு இல்லை. கவுன்சில்காரர்கள் வெட்டிப்போட்ட ஈச்சமரத்து மட்டைகளைக் கொண்டுவந்து, முள் குத்திக் கை வீங்க, நெருக்கிப் பின்னினேன். கிடுகு என்றால் அதுதான் கிடுகு. தண்ணீர்க் குழாயைப் பிடித்து மேலே அடித்துக் காட்டினேன். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

நீங்கள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு கதிரையில் அமர்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள்.

“தம்பி, இது சரிவராது. மழை உள்ளுக்கு வரவேணும்.”

“மழை வரவேணுமோ? பிறகென்னத்துக்குக் கூரை?”

“வானத்திலை வெள்ளி தெரியவேணும். வனாந்தரத்திலை எங்கட சனம் வீடில்லாமல் அலைஞ்சதை நினைக்கிற கொட்டில் இது. நீ மாளிகை கட்டிப்போட்டாய்.”

“ஒழுகுகிற கூரை போட எனக்குத் தெரியாது, அண்ணை. என்ர பரம்பரைக்கே தெரியாது.”

“நான் சொல்லித்தாறன்” என்றீர்கள். நான் பின்னினதை இரண்டு பேருமாகப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்கத்தான் நீங்கள் சொன்னீர்கள், இந்தத் திருநாளில் ஒவ்வொரு மாலையும் முன்னோர் ஒருவர் விருந்துக்கு வருவார் என்று. ஆபிரகாம் முதல் தாவீது வரை ஏழு பேர், அவர்களுக்கு ஒரு வெறும் கதிரை போட்டு வைக்க வேண்டுமாம். அவர்கள் ஊரில் இது அறுவடை முடிந்த காலம். இங்கே மரம் துளிர்க்கிற காலம். எல்லாம் தலைகீழாய்க் கிடக்கிற இந்த நாட்டுக்கு ஆபிரகாம் எந்த ட்ராமில் வருவார் என்று கேட்டேன். “வாறவைக்கு வழி தெரியும்” என்றீர்கள். அப்போது நீங்கள் சிரிக்கவில்லை.

அன்று மாலை நல்ல கைபிடிக் கதிரையைக் கொண்டுவந்து மேசைத் தலைமாட்டில் போட்டேன். நீங்கள் பாலர் வகுப்புக்குள் போய், ஒரு சின்ன நீலக் கதிரையைத் தூக்கி வந்தீர்கள். பெரிய கதிரைக்கு இடப்பக்கம், காற்றுப் படாத மூலையில் வைத்தீர்கள். மேசைக்காலில் முழங்கால் இடிக்காதபடி கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டீர்கள்.

“ஏன் அண்ணை சின்னன்? பெரிய கதிரை எத்தினை கிடக்கு.”

“பெரிசிலை இருந்தால் கால் நிலத்திலை முட்டாது.”

ஆருடைய கால் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருசா வருசம் பெரிய கதிரை நான் போட்டேன், நீலக் கதிரை நீங்கள் போட்டீர்கள். மற்றவர்களெல்லாம் அது ஏதோ பிள்ளைகள் விட்டுப்போனது என்று நினைத்தார்கள். உங்கள் வீட்டு அம்மா, பிரீடா, அதைப் பார்க்க வழியே இல்லை. போலந்தில் உங்கள் சனத்தைக் கொன்று குவித்த அந்த யுத்தத்துக்குப் பிறகு திருநாளும் வேண்டாம் தெய்வமும் வேண்டாம் என்று இருந்தவ, எங்கள் வாசலை மிதிக்கவே இல்லையே.

இனி இந்த வருசத்துக் கதைக்கு வருகிறேன். உங்கள் இடத்துக்கு மிரியம் என்று ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. வண்ணக் கடதாசிச் சங்கிலி, படம் கீறின மாதுளம்பழம், எல்லாம் உங்கள் காலத்தைவிட வடிவு. கோபிக்க வேண்டாம், உண்மை அதுதான். ஹனுக்கா வடைக்கும் அவளே வந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்றிருக்கிறாள். உங்கள் சனத்தில் ஒருவர் நெருப்பு மூட்டினால்தானே நான் பொரிப்பது உங்கள் சமயச் சட்டத்துக்குச் செல்லும்? நெருப்பு உங்களுடையது, ருசி என்னுடையது என்று நாங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

கொட்டில் போட்டேன். பெரிய கதிரை போட்டேன். பிறகு உள்ளே போய் நீலக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மிரியம் வழிமறித்தாள்.

“அங்கிள், அது என்னத்துக்கு? பிள்ளையள் தடக்கி விழுவினம்.”

“அது உங்கட சமயத்துச் சட்டம், பிள்ளை. மோசே மலையிலை இருந்து இறங்கேக்கை சொன்னது.”

“நான் கேள்விப்படேல்லை.”

“நீ வயசிலை சின்னன்.”

அவள் சமயகுருவை, ராபியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உங்களோடு சதுரங்கம் விளையாடித் தோற்றுக்கொண்டிருந்த அதே ராபிதான். தாடியைத் தடவியபடி என்னைப் பார்த்தார்.

“சின்னத்துரை, எந்தப் பக்கத்திலை எழுதியிருக்கு?”

“நீங்கள் இன்னும் வாசிக்காத பக்கத்திலை, ஐயா.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மிரியம் சிரிக்கவில்லை. என்னை ஒதுக்கமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்: “அங்கிள், எனக்குத் தெரியும். யோசெல் வைக்கிறதை நானும் சின்னனிலை கண்டிருக்கிறன். இண்டைக்குப் பிரீடா வாறா. அவரை நினைச்சு முதல் தரம் வாறா. பிரீடாவைக் கட்டமுந்தி, அங்கை போலந்திலை, யுத்தத்திலை பறிகுடுத்த ஒரு பிள்ளை அவருக்கு இருந்ததெண்டு அவவுக்குத் தெரியாட்டி? இந்தக் கதிரையைப் பாத்துத்தான் அவ அறியவேணுமோ? கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?”

நீங்கள் வாய் திறந்து சொல்லாததை நான் எப்படி ஊருக்கு வைத்துக் காட்டுவது? அந்த மனுசியின் மிச்ச வாழ்க்கையை ஒரு கதிரையால் குழப்புவதா? கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாலர் வகுப்பில் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பி வந்து முற்றத்தில் நின்றேன்.

அப்போதுதான் அதைக் கண்டேன். பொழுது சாய்கிற நேரம். பிள்ளைகள் கொட்டிலுக்குள் ஒருவரையொருவர் துரத்தி ஓடிக்கொண்டிருந்தார்கள். மேசையைச் சுற்றி, பெரிய கதிரையைச் சுற்றி, பலகைக்குக் கீழாலே. அந்த இடப்பக்க மூலைக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் விலகி ஓடியது. ஒன்றுமில்லாத இடம், அண்ணை. யாரோ இருக்கிற மாதிரி, இடிக்காமல், அரை வட்டம் போட்டு விலகின. ஒரு சின்னப் பெண், விலகும்போது “சொறி” என்று இங்கிலீஷில் மன்னிப்பும் கேட்டாள். நான் கதை கட்டுகிறவன் என்று சாந்தி சொல்லுவாள். சொல்லட்டும். நான் கண்டது கண்டதுதான்.

உங்கள் பிள்ளை வந்தாயிற்று, நிற்கிறது, இருக்க இடமில்லை. வேறென்ன? நான் உள்ளே ஓடிப்போய்க் கதிரையை எடுத்து வந்து, அதே மூலையில், அதே அளவு பின்னால் இழுத்து வைத்தேன். நிமிர்ந்தபோது வாசலில் உங்கள் பிரீடா நின்றா.

கறுப்புக் கோட்டு, கையில் பை. உள்ளே வராமல், வெளியேயும் போகாமல் நின்றா. என்னிடம் மூன்று பொய் தயாராக இருந்தது. மூன்றுமே முதல்தரப் பொய்கள். நீங்கள் கேட்டிருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

“இது ஆர் வைச்சது?” என்று கேட்டா.

“நான்தான், அம்மா.”

“அவர் வைக்கிறவரோ?”

மூன்று பொய்யில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. “ஓம்” என்றேன்.

“ஒவ்வொரு வருசமும்?”

“ஓம், அம்மா. இந்தப் பக்கம்தான்.”

அவ உள்ளே வந்து அந்த நீலக் கதிரைக்கு முன்னால் நின்றா. கூரை இடுக்கால் காற்று வந்து கடதாசிச் சங்கிலியை ஆட்டியது. பிறகு பையை மேசையில் வைத்துவிட்டு, “இது எங்கை இருந்தது, காட்டு” என்றா.

பாலர் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அங்கே அதே நீலக் கதிரைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கினேன். தலையை ஆட்டினா.

“இதில்லை. இன்னும் சின்னன்.”

அலுமாரிக்குப் பின்னால், தவழ்ந்து எழும்புகிற பிள்ளைகளுக்கான கதிரைகள் கிடந்தன. இரண்டு பக்கமும் கைபிடி வைத்து, முன்னால் விழாமல் ஒரு கட்டை போட்டவை. அதைக் கண்டதும் பிரீடா குனிந்து தானே எடுத்தா. நான் கை நீட்டினேன், தரவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி கொட்டிலுக்குக் கொண்டுவந்து, உங்கள் நீலக் கதிரைக்குப் பக்கத்தில், ஒட்டினபடி வைத்தா.

“நான் அவருக்குச் சொல்லேல்லை” என்றா. “அவரும் எனக்குச் சொல்லேல்லை.”

அவ்வளவுதான் சொன்னது. பிறகு அந்த இரண்டு கதிரைக்கும் எதிரே இருந்தா. ராபி வந்து பார்த்தார். எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கோப்பையைத் தூக்கி ஆபிரகாமைக் கூப்பிட்டார், பிறகு கொஞ்சம் பொறுத்தார். அந்த இடைவெளியில் பிரீடாவின் வாய் அசைந்தது. இரண்டு தரம் அசைந்தது. ஒன்று அவவின் பிள்ளையின் பேர். மற்றது, அண்ணை? உங்கள் பிள்ளையின் பேர் அவவுக்குத் தெரியாதே. என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பா? உங்களுக்குக் கேட்டதா?

திருநாள் முடியும்வரை தினமும் வந்தா. இப்போது படம் கீறும் வகுப்புக்கு வந்து, பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கப் பழக்குகிறா. நான் கீறின யானையைப் பார்த்து, பன்றி நல்லாயிருக்கு என்றா. பன்றியே ஆகாத யூத மண்டபத்துக்குள் பன்றி கீறினவன் என்ற பேரும் எனக்கு வந்துவிட்டது. உங்கள் மனுசிக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இது கதை கட்டல் இல்லை. சாவி என் கையில் இருக்கும்வரை, வசந்தத்துக்கு வசந்தம், இரண்டு சின்னக் கதிரையும் அந்த மூலையில் இருக்கும். மிரியம் மாறலாம், ராபி மாறலாம், மண்டபமே வேறு தெருவுக்கு மாறலாம். என் காலம் முடிந்தால், அடுத்து வருகிறவனுக்கு முதலில் எது பெரிய பிள்ளைக்கு, எது சின்னதுக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு பின்னால் என்று காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். நீங்கள் அந்த இரண்டு பிள்ளைகளையும் தனியே அனுப்பாதீர்கள், அண்ணை. கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
போலந்தில் பிறக்காத உங்கள் தம்பி,
சின்னத்துரை