அத்தை அனுப்பிய சீமைச் சாமந்தி

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

போன் செய்தால் "நல்லாயிருக்கேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். குரலைக் கேட்டாலே தெரிகிறது, நீ சரியாகத் தூங்குவதில்லை.

விவாகரத்து ஆனது உனக்கும் என் மகனுக்கும். உனக்கும் எனக்கும் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு கிடையாது. ஞாபகம் இருக்கட்டும்.

மாடித் தொட்டியில் சீமைச் சாமந்தி பூத்துத் தள்ளுகிறது. நம் தையல் கடையில் துணி வெட்டும் மேஜைமேல் நிழலில் உலர்த்தி அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டு மூடி வைத்து, வடிகட்டிக் குடி. மனசு அடங்கும், தூக்கம் வரும். ஒரு வாடிக்கையாளரின் கோட்டுப் பைக்குள்ளும் கொஞ்சம் பூ போய்விட்டது. மனிதர் இன்னும் தகராறுக்கு வரவில்லை, தூங்குகிறார் போலிருக்கிறது.

உன் அத்தை

மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் அழுகை வந்தது. குடித்ததும் தும்மல் வந்தது. கண் இரண்டும் வீங்கிவிட்டன. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டர், "இந்தப் பூ உங்களுக்கு ஆகாது, இனிமே தொடாதீங்க" என்றுவிட்டார்.

தூக்கி எறிய மனசு வரவில்லை. இங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். விபத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர். அவரிடம் கொடுத்தேன். மறுநாள் வந்து, "நல்லா தூங்கினேங்க. யாரு அனுப்பினது?" என்று கேட்டார். "எங்க அத்தை" என்றேன்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 2

அன்பு மருமகளுக்கு,

கண் வீக்கம் வடிந்ததா? உனக்கு ஆகாததைப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

டிரைவர் தம்பிக்குப் பெரிய பொட்டலமாக அனுப்புகிறேன். பிரிக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே கொடுத்துவிடு. உன் கண்ணைப் பற்றி எழுதியதைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறாய். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் அத்தை

ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் நான் உங்களுக்கு யார்? அப்பா அம்மா இல்லாதவளுக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். உங்களை இழந்துவிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்.

உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அவரிடம் பேசுவேன்.

ஆகஸ்ட் 9

அன்பு மருமகளுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபம்தான் காரணம். மறைப்பானேன்? என் மகன் இருந்த இடத்தில் இன்னொருவர் என்று படித்ததும் வயிறு பற்றி எரிந்தது. தொட்டிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் கையால் பறித்து, உலர்த்தி, தபால் செலவும் போட்டு மாப்பிள்ளை பார்த்தது நானேதான். யாரைத் திட்டுவது? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சரி என்று சொல்லிவிடு. இரண்டு பேரும் அளவு கொடுக்க வந்து சேருங்கள். கல்யாணத் துணியில் வேறு எவனாவது கத்திரி வைத்தால் நடப்பதே வேறு. அத்தை என்றே கூப்பிடு. அந்தத் தம்பியையும் அப்படியே கூப்பிடச் சொல்.

பெண் வீட்டார் யார் என்று கேட்டால் தயங்காமல் என்னைக் காட்டு. பையனின் அம்மாவாக ஒரு தடவை உன் கல்யாணத்தில் நின்றாயிற்று. இந்தத் தடவை பெண்ணின் அம்மாவாக நிற்கிறேன்.

உன் அத்தை