தயவு இல்லாத பாட்டு

ஜூலை 6, சனி
இன்றும் காலனி ஸ்டாப்பில் பஸ் நிற்கவில்லை. கையை நீட்டினேன். டிரைவர் பாக்யராஜ் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போய்விட்டான். ஊருக்குள் ஒற்றை ஆள் நின்றாலும் நிறுத்துவான். எங்கள் தெரு என்றால் மட்டும் பிரேக் பிடிக்காது. பிள்ளைகள் ஊர் ஸ்டாப் வரை நடக்கிறார்கள். நானும் நடக்கிறேன், திட்டிக்கொண்டே.

மாலையில் நூலகத்தில் மனித உரிமை வகுப்பு என்றார்கள். போனேன். பாண்டியிலிருந்து கல்பனா டீச்சர் கீபோர்டோடு வந்திருந்தார். உரிமையைப் பாட்டுக் கட்டிப் பாட வேண்டுமாம். எழுந்து வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் சட்டம் வரைக்கும் வந்தேன். சாதி பார்க்கக் கூடாது என்கிற அரசியல் சட்டம் பதினைந்தாவது பிரிவுக்கு என்ன ராகம்?

ஜூலை 13
போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. பஸ்ஸைப் பற்றித்தான் பாட்டு. மெட்டு பரவாயில்லை. ஆனால் நடுவில் "தயவு பண்ணி நிறுத்துண்ணா" என்று ஒரு வரி. உள்ளே போய்ச் சண்டை போட்டேன். கும்பிடு போட்டுக் கேட்பதற்குப் பெயர் உரிமையா? எதிர்வீட்டு வெண்ணிலா, பன்னிரண்டாவது படிப்பவள், போனை நீட்டினாள்.

"அப்ப இன்னா சொல்லணும்? நீயே சொல்லு தாத்தா."

"நிறுத்துடா வண்டிய!"

தினமும் சொல்வதுதானே. எதற்குச் சிரித்தார்கள்?

ஜூலை 20
தயவை எடுத்துவிட்டார்களாம். சரி.

ஜூலை 25
இன்னா அநியாயம் இது! அன்றைக்குப் போனில் பிடித்த என் குரலையே பாட்டில் சேர்த்துவிட்டார்கள். வெண்ணிலா அதைப் பென் டிரைவில் போட்டு, புதுப் பாட்டு என்று பாக்யராஜிடம் கொடுத்திருக்கிறாள். புதுப் பாட்டு என்றால் அவனுக்குப் போதும். காலையில் கையை நீட்டி நிற்கிறேன் — பஸ்ஸுக்குள்ளிருந்து நானே "நிறுத்துடா வண்டிய" என்று கத்துகிறேன். அவன் நிறுத்தவில்லை. என் குரல் பஸ்ஸில் போனது. நான் நடந்து போனேன்.

வெண்ணிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 31
அந்த வரி வந்தால், எங்களுக்கு முந்தின ஊரில் ஏறி வரும் குருவிநத்தத்துப் பிள்ளைகள் பஸ்ஸே அதிரக் கத்துகிறார்களாம். பாட்டை மாற்றினால் பாக்யராஜோடு சண்டையாம். கத்தட்டும். பஸ் நின்றதா?

ஆகஸ்ட் 5
தூரத்தில் வரும்போதே தெரிந்தது, பஸ்ஸில் பாட்டில்லை. பாக்யராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அணைத்துவிட்டான். போச்சு என்று நினைத்தேன். வெண்ணிலா கூட்டமும் வாடிப்போய் நின்றது. பழக்கத்துக்குக் கையை நீட்டினேன்.

பஸ்ஸுக்குள்ளிருந்து பிள்ளைகள் மொத்தமும், எங்கள் தெருவில் கால் வைத்தேயிராத பிள்ளைகள், ஒரே குரலில்: "நிறுத்துடா வண்டிய!"

பிரேக் பிடித்தது. நன்றாகவே பிடிக்கிறது அந்த வண்டிக்கு.

எங்கள் பிள்ளைகள் ஏறினார்கள். நான் கீழேயே நின்றேன். பாக்யராஜ் தலையை நீட்டி, "ஏறு பெரியவரே" என்றான்.

"நாளைக்கும் நிப்பியா?"

"நிக்காட்டி இதுங்க என்னிய வுடுமா?"

ஆகஸ்ட் 9
இன்று வேண்டுமென்றே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பஸ் நின்றது. பஸ் போய்ச் சேரும் பாகூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏறி, ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். வேறு ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம பாட்டப் போடுப்பா" என்றேன்.