கிணத்துக்கடவில் நின்ற ஹைட்ரஜன் வேன்

பீளமேடு, கோவை
15.3.1998

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் சுகம். அங்கே மழை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கம்பெனி அனுப்பிய ஃபியூயல் செல் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. வேனில் பொருத்திவிட்டோம். ஹைட்ரஜன் சிலிண்டர்களை ஒரு வனஸ்பதி ஆலையிலிருந்து வாங்குகிறோம். திங்கட்கிழமை ஃபேக்டரி காம்பவுண்டுக்குள் முதல் ஓட்டம், ஹைட்ரஜனிலிருந்து செல் எடுத்துத் தந்த கரண்டிலேயே. சத்தமில்லை, புகையில்லை, பின்னால் தண்ணீர்தான் சொட்டியது. டிரைவர் மாசாணம், வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கிறதா என்று இறங்கி வந்து பார்த்தார்.

முதலாளி ரங்கராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏனுங்க அம்மணி, டிசம்பர்ல விக்க ஆரம்பிச்சுரலாமுங்களா?" என்றார். முதலில் இந்தக் கோடை போகட்டும் என்றேன்.

நீங்கள் கனடா போகும்போது இரண்டு வருஷம் என்றீர்கள். இது நாலாவது. பெருந்துறையில் உங்கள் கம்பெனி கிளை திறக்கும், மகன் மேனேஜராக வருவான் என்று அத்தை சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள்
அன்பு


வான்கூவர்
2.4.1998

அன்புக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா சொல்வது பெரும்பாலும் சரிதான். மே மாதம் எங்கள் டைரக்டர் அங்கே வருகிறார். வேன் கோவையிலிருந்து பொள்ளாச்சி போய்த் திரும்பினால் போதும், பெருந்துறைக்கு உத்தரவாகிவிடும். பொறுப்பு எனக்குத்தான். வருஷக் கடைசியில் ஊரில் இருப்பேன்.

ஒரு விஷயம். நீ என் மனைவி என்று இங்கே யாருக்கும் தெரியாது. மனைவி வேலை செய்யும் இடத்துக்கு ஆர்டர் வாங்கித் தந்தேன் என்று பேச்சு வரக்கூடாது. ரங்கராஜிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். டைரக்டர் வரும்போது நீ டெஸ்டிங் இன்ஜினியர், அவ்வளவுதான். தப்பாக நினைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

ஜெரோம்


பீளமேடு
27.4.1998

அன்புள்ள உங்களுக்கு,

வியாழக்கிழமை பொள்ளாச்சி ரோட்டில் வேனை எடுத்துப் போனோம். கிணத்துக்கடவில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வாரமும் அங்கேயேதான் நின்றது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செல்லுக்குள் இருக்கும் சவ்வு ஈரமாக இருந்தால்தான் கரண்ட் வரும். இந்தச் சித்திரை வெயிலில் அது காய்ந்துபோகிறது. தேங்காய் லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். இளநீர்க் கடைக்கார அம்மா கீழே சொட்டிய தண்ணீரைப் பார்த்து, "ரேடியேட்டர் ஓட்டையாயிப் போச்சுங்களா கண்ணு?" என்று பரிதாபப்பட்டார்.

முதலாளி ஒரு யோசனை சொல்கிறார். பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிகளை வைத்துவிடுவது, செல் சோர்ந்ததும் மாசாணம் சுவிட்சைப் போட்டுவிடுவது. டைரக்டர் வரும் அந்த ஒரு நாளைக்கு மட்டும்தானாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காற்றை ஈரப்படுத்த இன்னும் நல்ல ஏற்பாடு வேண்டும், ஒரு வருஷமாவது ஆகும் என்று இப்போதே உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள்
அன்பு


வான்கூவர்
8.5.1998

அன்புக்கு,

இன்னும் ஒரு வருஷம் என்று நான் சொன்னால் திட்டம் வேறு நாட்டுக்குப் போய்விடும். ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் இந்தக் காரை முதலில் கடைக்குக் கொண்டுவர ஓடிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள்.

நான் வந்த பிறகு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சவ்வைச் சரிசெய்யலாம். அது முடியாத காரியமில்லை. உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்குப் பேசாமல் இருந்தால் போதும்.

இதைப் பற்றி எங்கள் ஆபீசுக்கு ஃபேக்ஸ் எதுவும் அனுப்பாதே.

ஜெரோம்


பீளமேடு
24.5.1998

அன்புள்ள உங்களுக்கு,

புதன்கிழமை டைரக்டர் வந்தார். வேன் பொள்ளாச்சி போய்த் திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பேசாமல் இருப்பது என்றுதான் இருந்தேன்.

டீ குடிக்கும்போது அவர் என் பக்கம் திரும்பி, இவ்வளவு சூட்டில் சவ்வை எப்படிக் காயாமல் வைத்தீர்கள் என்று கேட்டார். கிண்டலில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துவிட்டது, பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள் என்றேன். மாசாணம்தான் தூக்கிக் காட்டினார். டைரக்டர் குனிந்து பார்த்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

சனிக்கிழமை முதலாளி என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். சத்தம் போடவில்லை. "நீங்க நல்லா இருங்க அம்மணி. என்னைய கெடுத்துப்போட்டீங்க" என்றார்.

பெருந்துறை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கும்போதே தெரியும். கோபமிருந்தால் திட்டுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள்
அன்பு


வான்கூவர்
30.6.1998

அன்புக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. நீ நினைத்தபடிதான். பெருந்துறை இல்லை. சூட்டிலும் ஓடும் செல் ஒன்றை இங்கேயே செய்யப்போகிறார்கள், என்னை அதில் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷ வேலை.

டைரக்டருக்கு உன்மேல் வருத்தமில்லை. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் உன்னைப் புகழ்ந்தார். நீயும் கோயமுத்தூர்தானே, அந்த இன்ஜினியரைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. மனைவி என்றால், பேட்டரி விஷயம் எனக்கு முன்பே தெரியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

விசா பாரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்தப் பேச்சு அடங்க ஒரு வருஷமாகும். அதன் பிறகு வா. வந்த பின் இந்தத் துறையில் மட்டும் வேலை தேட வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஜெரோம்


பீளமேடு
19.7.1998

ஜெரோம் அவர்களுக்கு,

கடிதமும் பாரங்களும் கிடைத்தன.

வேலையை விட்ட அன்று முதலாளி ஒன்று கேட்டார். "உங்க ஊட்டுக்காரருக்கு இதெல்லாம் முன்னமே தெரியுமுங்களா?" தெரியாது என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். உங்கள் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று சொன்னேன். நீங்கள் எதற்காக என்னைத் தெரியாது என்று சொன்னீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

டைரக்டர் தனியாக எனக்கு எழுதியிருந்தார், அங்கே வந்து வேலை பார்க்கச் சொல்லி. வெயிலில் செல்லைச் சோதித்து எடுத்த அளவுகளை மட்டும் அனுப்பிவைத்தேன். வர இயலாது என்று எழுதிவிட்டேன். உங்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பெருந்துறையில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் சேர்கிறேன்.

உங்கள் கடிதத்தை அத்தைக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். டைரக்டர் உங்களைக் கேட்ட இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து போய்த் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். "நானும் உன்ற கூடவே வாரேன் கண்ணு" என்றார்.

பாரங்களை வந்தபடியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இனி யாராவது என்னைத் தெரியுமா என்று உங்களிடம் கேட்டால், சொன்ன பதிலையே சொல்லலாம்.

அன்புக்கரசி