சத்தம் கூட்டும் பட்டன்

அன்பு மகள் பிரமிளாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. புந்தோங் வீட்டில் நானும் நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலை மரமும் நலம். லீட்ஸ் குளிரில் நீயும் நலமாக இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு நலம்தான், மானம் மட்டும் போன வாரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. என்னோடு லோரி ஓட்டிய மாயாண்டி அண்ணன் தவறிவிட்டார் என்று சிலிம் ரிவருக்கு நீ விட்டுப்போன காரில் போனேன். சாவு வீட்டுக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திச் சாவியைத் திருகினேன், எஞ்சின் அணைந்தது, ரேடியோவில் ஓடிய குத்துப்பாட்டு அணையவில்லை. திரையைத் தட்டினால் அது இங்கிலீஷில் என்னமோ கேட்கிறது, ஸ்டீயரிங் பட்டனை அமுக்கினால் சத்தம் இன்னும் ஏறுகிறது. வெளியே கேட்கக்கூடாதே என்று கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அண்ணனின் மச்சான் வந்து கதவைத் திறந்தார், உடனே பாட்டு நின்றது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால்தான் அது வாயை மூடுமாம், நான் அந்தக் கதவையல்லவா பிடித்துக்கொண்டிருந்தேன். பரவால்ல அண்ணே, மாமாவுக்குப் பாட்டுன்னா உசுரு, கொண்டாந்து சேத்துட்டீங்க என்றார் அவர். சாவு வீட்டில் நாலு பேர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். காலமெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டியவன் நான், அதில் இருந்தது ஒரே பட்டன், ஹார்ன், அதுவும் மழை பெய்தால் தானாக அடிக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நடந்ததும் இதே சனியனால்தான். கோப்பேங் தாண்டி வீடு திரும்பும்போது கார் திரையில் உன் அழைப்பு வந்தது, ஓரமாக நிறுத்தினேன். மழை கூரையில் கொட்டியது. அப்பா, ஆஸ்பத்திரியில இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்குறாங்க, நீங்க என்னப்பா சொல்றீங்க என்று நீ கேட்டாய். மூன்று என்றுதான் காதில் விழுந்தது, ஒன்றோ என்று சந்தேகம் வந்து ஸ்டீயரிங் பட்டனை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு ஓடும்போது சத்தம் கூட்டும் அந்தப் பட்டன், ஆள் பேசும்போது மட்டும் பேச்சை வெட்டிவிடும். நீ போய்விட்டாய், சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. நான் திரும்பக் கூப்பிட்டபோது நீ வேலைக்குள் போயிருந்தாய். கோபமாப்பா என்று நீ அனுப்பிய செய்திக்கு இல்லை என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன், படித்துப் பார்த்தால் எனக்கே அது கோபக்காரன் எழுதியது மாதிரி இருந்தது. அதற்கப்புறம் இரண்டு முறை பேசினோம், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று முடித்துக்கொண்டோம், நீயும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால்தான் ஜெயபாலன் மகள் கலாதேவி அங்கே வருகிறாள் என்றதும் மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். கோபம் இல்லையம்மா. கையெழுத்துப் போடு. தாதி வேலைக்கு அங்கே கிடைக்கிற மரியாதையை விட்டுவிட்டு, கார் ரேடியோவோடு சண்டை போடுகிற கிழவனுக்காக ஓடி வராதே. அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள், என்னைவிடச் சத்தமாக.

அந்தப் பட்டனைச் சரிபண்ண ரூபன் கடைக்கும் போனேன், உனக்கு அந்தத் திரையை மாட்டிக் கொடுத்த பையன்தான். அங்கிள், எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா செட் பண்ணா சரியாயிரும்லா, அஞ்சு நிமிஷம் என்றான். பழைய போன் பேரு ஒன்னு உள்ள கெடக்கு, தெனமும் அதைத் தேடி முடிச்சாதான் உங்க போனை ஏத்துக்குது, அதுவும் போயிரும் என்றான். உண்மைதான், காலையில் சாவியைத் திருகியதும் திரைக்குள்ளே பேசுகிற வெள்ளைக்காரி பிரா-மில்லா, பிரா-மில்லா என்று உன் கைப்பேசியைத் தேடுவாள், அப்புறம் கிடைக்கவில்லை என்பாள், என் போனுக்கு அவள் வழிவிடுவதற்குள் கார் வாசலைத் தாண்டிவிடும். ரூபன் திரையை அழிக்கக் கையை நீட்டியதும், அவசரமா போவணும், இன்னொரு நாள் வாரேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எதிர்க் கடையில் போய் ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் அங்கிருந்து பார்த்துக் கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன், வேறு என்ன செய்ய.

இரவு வேலை முடிந்தால் தனியாக நடந்து வராதே, பஸ்ஸிலேயே வா. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. கைப்பேசி பழசாகிவிட்டது, மாற்றணும் என்றாயே, தாராளமாக மாற்று, பழசைத் தூக்கி மட்டும் போட்டுவிடாதே, விடுமுறைக்கு வரும்போது எடுத்து வா. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன் தலைமேல் என்றைக்கும் இருக்கும்.

இப்படிக்கு,
பட்டன் தெரியாத உன் அப்பா
பத்துமலை

பி.கு. ரூபனிடம் அவசரம் என்றேன். வாய்விட்டுச் சொல்லாதது இதுதான். காலையில் நம் வீட்டு வாசலில் உன் பெயரை யாராவது கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் கூப்பிட்டால் பத்துமலைக்குப் புத்தி கெட்டுவிட்டது என்பார்கள். கார் கூப்பிட்டால் பழுது என்று விட்டுவிடுவார்கள்.