மூன்று மணிக் கையெழுத்து

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா நலம், அவள் முழங்கால் வழக்கம்போல அரை நலம், நான் எழுந்து உட்கார்ந்து பேனா பிடிக்கிற அளவுக்கு நலம். நீ அங்கே நலமா என்று எல்லாக் கடிதத்திலும் பழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே பதில் வேண்டும் என்று கேட்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் என்றால் அம்மா பக்கத்தில் வந்து காதைக் கொடுப்பாள், நீயும் பாதியில் சிரித்துவிடுவாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் ஆபத்து என்று எனக்கு டாக்டர் சொன்னதும் நீ, நானும்தானே நைட் ஷிஃப்ட் பாக்குறேன், ரெண்டு பேருமே தினம் பயிற்சி பண்ணுவோம், முடிச்சதும் முடிஞ்சதுன்னு ஒரு மெசேஜ் போடணும் என்று சட்டம் போட்டாய், கேன்வாஸ் ஷூவும் அனுப்பிவைத்தாய். அந்தப் பயிற்சிக்கு நேரம் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. வேலைக்குக் கிளம்பும் முன் செய்தால் தூக்கக் கலக்கத்தில் சுவரில் முட்டிக்கொள்கிறேன். காலையில் வந்ததும் வீட்டில் குதித்தால் கீழ்வீட்டு டெய்லர் மேலே வந்து, என்னண்ணே பீரோவ நகத்துறீங்களா என்கிறார். என் வயிற்றைத்தான் நகர்த்துகிறேன் என்று எப்படிச் சொல்வது. கடைசியில் எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் எட்டு மாடிப் படிக்கட்டுதான் ஒத்துவந்தது. ரவுண்டு போன மாதிரியும் ஆச்சு, பயிற்சி செய்த மாதிரியும் ஆச்சு.

அங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். ஒவ்வொரு மாடியிலும் படி முடிகிற இடத்தில் ஒரு நோட்டு தொங்கும். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று ராத்திரிக்கு நாலு ரவுண்டு, போகிற நேரத்துக்குரிய கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடியையும் பேனாவையும் பையில் வைத்துக்கொண்டு வேகமாக ஏறினால் இரண்டும் குதித்துக் கீழே விழுகின்றன. அதனால் பதினோரு மணி ரவுண்டிலேயே நாலு கட்டத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, பிறகு கையை வீசிக்கொண்டு ஏறுவேன். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. எனக்கு முன்னால் இருந்த வாட்ச்மேனும் இதைத்தான் செய்தாராம். அவர் ஒரு ராத்திரி ஐந்தாம் மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சூப்பர்வைசர் ஐந்தரை மணிக்கு வந்து இரண்டாம் மாடி வரை நோட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று திரும்பிப் போயிருக்கிறார். காலையில் கூட்ட வந்த ஆயாதான் பார்த்தது. மூன்று மணி ரவுண்டிலேயே உயிர் போயிருக்கிறது, ஆனால் நோட்டில் ஐந்து மணிக் கையெழுத்தும் இருந்தது. செத்தும் டியூட்டி பார்த்த மனுஷன்யா என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஏற ஆரம்பித்த இரண்டாவது வாரம் எனக்குப் பின்னால் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம். எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் போட்டிருப்பது நீ அனுப்பிய ஷூ, அது பூனை மாதிரி நடக்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும், உடனே இல்லை, இரண்டு படி கழித்து. ஒரு நாள் துணிந்து, யாருப்பா அது, மேல வாங்களேன், சேர்ந்தே ஏறுவோம் என்றேன். அன்றிலிருந்து நான் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அங்கேயும் ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது. உனக்கு முடிஞ்சது என்று மெசேஜ் போட்ட நாட்களில் பாதி நாள் நான் பயத்தில் ஓடித்தான் முடித்தேன், அதுவும் பயிற்சிதானே.

போன மாதம் தலைசுற்றல் என்று அம்மாவிடமும் உன்னிடமும் சொன்னேனே, அது பொய். மூன்று மணி ரவுண்டில் நாலாம் மாடியைத் தாண்டி ஐந்துக்குப் போகிற படியில் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். போன் கீழே மேஜையில். சத்தம் போடக் குரல் வரவில்லை. எல்லா நோட்டிலும் ஐந்து மணி வரைக்கும் நான் நன்றாக இருக்கிறேன் என்று என் கையெழுத்தே சாட்சி சொல்கிறது, யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்தபோதுதான் வேர்த்தது. அப்போது பின்னால் நின்றிருந்த பூட்ஸ் சத்தம் திரும்பிக் கீழே தடதடவென்று இறங்கிப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே நானும் நகர்ந்தேன். மூன்றாம் மாடி வருவதற்குள் ஜெனரேட்டர் பார்க்கிற அண்ணன் டார்ச்சோடு மேலே வந்து என்னைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். அண்ணன் மறுநாள் பார்க்க வந்து, பூட்ஸோட அப்படி ஓடி வந்து என் கதவத் தட்டிட்டு மறுபடி எதுக்குய்யா மேல போன என்று என்னைத் திட்டினார். நான் ஓடவில்லை பாப்பா. தட்டவும் இல்லை.

லீவுக் கடிதம் கொடுக்கப் போனபோது சூப்பர்வைசர் அன்றைய நோட்டுகளை எடுத்துக் காட்டினார். ஐந்தாம் மாடியிலிருந்து மேலே மூன்று மணிக் கட்டமும், எல்லா மாடியிலும் ஐந்து மணிக் கட்டமும், நான் கால் வைக்காத கட்டம் ஒவ்வொன்றும் ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது. அந்த நிலைமையிலயும் நேர்மையா அடிச்சு வச்சிருக்கியேய்யா என்று என்னைப் பாராட்டினார். என் பேனா டிராயரில் பூட்டியபடிதான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் முடிஞ்சது தினமும் காலை ஆறு பத்துக்கு வருகிறது. ஒரு நாள் ஆறு ஒன்பது இல்லை, ஒரு நாள் ஆறே கால் இல்லை. முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைத்தால் செல்லே அனுப்பிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாய் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாயாம். அந்த மூன்று நாளும் உன் முடிஞ்சது எனக்கு ஆறு பத்துக்கு வந்தது, நானும் சபாஷ் என்று பதில் போட்டேன். ஒற்றை அறையில் தனியாக இருக்கிற பிள்ளை நீ. உனக்குப் பின்னால் யார் பூட்ஸ் போட்டு ஏறுவார்கள்?

பயிற்சி செய்யாவிட்டால் பரவாயில்லை கண்ணு, நான் திட்டமாட்டேன், திட்டுகிற உடம்பா இது. ஆனால் செய்யாத நாளில் மெசேஜ் வர வேண்டாம். கட்டம் காலியாக இருந்தால்தான் ஒருத்தர் தேடி வர முடியும். அந்த நேரம் குறிக்கிற வேலையை இன்றைக்கே எடுத்துவிடு. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன், டாக்டர் இரண்டு மாடிதான் அனுமதித்திருக்கிறார், மற்றதற்கு லிஃப்ட். பேனாவை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், அம்மா என்னைப் பார்த்து, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு என்கிறாள். நன்றாகச் சாப்பிடு, பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கு, நூறு வயது ஆரோக்கியமாக இரு. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை ஆறு பத்துக்கு உன் மெசேஜ் வரக்கூடாது. வராவிட்டால் உடனே கூப்பிடுவேன், தூக்கத்தில் இருந்தாலும் எடு.

இப்படிக்கு,
இதை எழுதி முடித்த பிறகே கையெழுத்துப் போடும்
உன் அப்பா