38,41,206

கோவளம்
10.11.2025

அன்புள்ள துர்கா,

நலமா? வீட்டுக்காரர் மணி அண்ணன் நலமா? போனில் சொன்னால் சண்டையில் முடியும் என்று பயந்து ஸ்பீட் போஸ்டில் எழுதுகிறேன்.

உன் பிஎச்.டி. வைவாவுக்கு முன் நம் எண் வரிசையைப் புது லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். நூறுக்கு மேல் எந்த எண்ணையும் அந்த வரிசையின் வேறு வேறு இரண்டு எண்களைக் கூட்டிப் பெறலாம் என்பதுதானே நம் ஊகம்? நம் கட்டுரையும் உன் ஆய்வேடும் அதன்மேல்தானே நிற்கின்றன? 38,41,206 வரவில்லை. 19,20,603-ஐ இரண்டு தடவை போட்டால் மட்டுமே வருகிறது. ஐம்பது லட்சம் வரை பாதிப் பாதியாகப் பார்த்தோமே, இது உன் பாதி. நான்தான் பிசகிவிட்டேன் என்று எழுது, சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் அர்வா


செய்யூர்
13.11.2025

அன்பு அர்வா,

நீ பிசகவில்லை. அந்த எண்ணை நான்கு வருடம் முன்பே பார்த்தேன். ஒரே ஓர் எண்ணால் எல்லாம் பாழாகிறதே என்ற ஆத்திரத்தில், ஒரே எண்ணை இரண்டு தடவை கூட்டலாம் என்று புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். எல்லாம் சரி என்று வந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வைவா 21-ம் தேதி. பட்டம் வராவிட்டால் கௌரவ விரிவுரையாளர் வேலையும் போய்விடும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னாமே, ஒரு நம்பருக்கா இம்மாம் பேஜாரு? யாருக்குத் தெரியப் போவுது, வுடு" என்றார். நீயும் விட்டுவிடேன். என் பாதியை மறுபடி ஓட்டிப் பார்த்து, 'சரி' என்று கையெழுத்துப் போட்டவள் நீதானே?

துர்கா


கோவளம்
16.11.2025

துர்கா,

குத்தினாலும் சரியான இடத்தில் குத்திவிட்டாய். நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அத்தா செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. உன் பெயரைப் பார்த்தேன், போட்டுவிட்டேன். உன்மேல் நம்பிக்கை என்று பெருமையடித்துக்கொள்ளலாம், ஆனால் அதில் பாதி சோம்பல்.

ஊகம் பொய்ப்பதில் என்ன அவமானம்? பெரிய பெரிய ஆட்களின் ஊகங்களே பொய்த்திருக்கின்றன. வைவாவில் நீயே பலகையில் எழுது. எண்ணையும் சொல், அந்த வரியையும் சொல். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்.

அர்வா


செய்யூர்
22.11.2025

என் அருமை அர்வா,

டாக்டர் துர்காதேவி எழுதுகிறேன்.

அந்த எண்ணைப் பலகையில் எழுதினேன். போன வாரம்தான் கண்டுபிடித்தேன் என்றேன். தன் ஊகத்தைத் தானே உடைத்துக் காட்டும் நேர்மை இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்று தேர்வாளர் எழுந்து நின்றே சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். திருத்தித் தரச் சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மீதியை எப்படிச் சொல்வது? உன் பெயர் வாய்வரை வந்தது. சொன்னால் உன் கையெழுத்து விஷயமும் வெளியே வருமே என்று உனக்காகத்தான் விழுங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வா, மீன் சாப்பிடலாம்.

உன் துர்கா


கோவளம்
25.11.2025

துர்காதேவி அவர்களுக்கு,

வாழ்த்துகள்.

உங்கள் கைடு பிரபாவதி மேடத்துக்கு இன்று காலை எழுதிவிட்டேன். ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு என்றும், கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பதினாறு வருடச் சிநேகம், மனசு வரவில்லை.

மேடம் பழைய புரோகிராமைக் கேட்பார். இருக்கிறபடியே கொடுப்பதா, திருத்திக் கொடுப்பதா என்பது உங்கள் பாடு. எனக்காக மறைத்ததாக மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை.

அர்வா